ஏறாத ஆள்

ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டார்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறார். மோட்டார் ஓடுகிறது. இந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் இடது கையை மட்டும் உயர்த்திக் காட்டுவார். டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களைப் போல நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, நம்மைப் பார்க்காமல் மோட்டாரைப் பார்த்தே சொல்வார்: “காயில் கம்பி நல்லாத்தான் இருக்கு. பேரிங்தான் அழுவுது.” வேலையை முடித்த பிறகு, சரியாகிவிட்டதா என்று கேட்டால் ஆமாம் என்ற சொல் அவர் வாயில் வராது. “ஓடிப் பார்க்கட்டும்” என்பார்.

சில சமயம் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் திறந்துவிடும். வளைவுக்கு அப்பால் பேருந்து கியர் மாற்றுகிற சத்தம் நமக்கு இன்னும் கேட்டிருக்காது, அவருக்குக் கேட்டுவிடும். ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்து, சுவரோரம் இருக்கும் இரும்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாலையோரம் வைப்பார். பேருந்து வந்து நிற்கும். வெளியே பேசிக்கொண்டிருந்த மரக்கடைக்காரரோ, பள்ளிக்கூட டீச்சரோ, முட்டை அட்டைகளோடு கோழிப் பண்ணைக்காரரோ ஏறிக்கொள்வார்கள். பேருந்து நகர்ந்ததும் நாற்காலியைத் தூக்கி வந்து பழைய இடத்தில் வைத்துவிட்டு மறுபடி ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக்கொள்வார். “எங்க விட்டோம்?” என்று அவர் கேட்பது மோட்டாரைத்தான்.

அவரை எல்லோரும் ‘ஸ்டாப்பு’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். மரியாதை தெரிந்தவர்களுக்கு ஸ்டாப்பு அண்ணன். சொந்தப் பெயரை ஒருமுறை கேட்டேன். “அது எதுக்கு சார், மோட்டாரு அதைச் சொல்லிக் கூப்பிடப் போவுதா?” என்றார். கேள்விக்குக் கேள்விதான் அவரிடம் பதில்.

நான் இருப்பது ரயில் நிற்கிற ஊரில். அந்தப் பக்கம் ஆலை இருக்கிற ஊர். ஆலை ஊரின் எல்லை பாலத்தோடு முடிகிறது. எங்கள் ஊரின் எல்லை மைல்கல்லோடு முடிகிறது. பாலத்துக்கும் கல்லுக்கும் நடுவில் கொஞ்சம் வீடுகள், ஒரு மரக்கடை, ஒரு கோழிப் பண்ணை, வளைவில் இவருடைய மோட்டார் பட்டறை. இந்த நடுத்துண்டு எந்த ஊரையும் சேர்ந்தது இல்லை. எங்கள் குப்பை வண்டி கல்லைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும், அவர்களுடையது பாலத்தோடு திரும்பிவிடும். தார் போடுகிறவர்களும் அப்படித்தான். என் ஸ்கூட்டர் குதிக்க ஆரம்பித்தால் ஸ்டாப்பு அண்ணன் பட்டறை நெருங்கிவிட்டது என்று தெரிந்துகொள்வேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த இடத்தின்மேல் ஓர் இளக்காரம் உண்டு. ‘வழியில் இருக்கிற வீடுகள்’ என்போம். அவர்கள் அதைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. “நான் பொறந்தது அவங்க ஆஸ்பத்திரி, படிச்சது உங்க பள்ளிக்கூடம்” என்பார் ஸ்டாப்பு அண்ணன். “என் கல்யாணத்துக்கு ரெண்டு ஊர்க்காரங்களும் வந்து நல்லா சாப்பிட்டாங்க. ரோடு போடுங்கன்னு கேட்டாதான் ஆளையே காணோம்.” பேருந்து நிறுத்தத்துக்கு ஒரு பலகை நடச் சொல்லி இரண்டு ஊர் அலுவலகத்துக்கும் ஆள் போயிற்று. இரண்டு இடத்திலும் நாற்காலி போட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அந்தப் பக்கம் போய்க் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அதனால்தான் நாற்காலி. கை காட்டினால் போதாதா என்று நானும் கேட்டேன். போதாது. வளைவில் மரக்கடை லாரிகளும் நிழலும் மறைக்கும். கை தெரிவதற்குள் பேருந்து தாண்டிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, அந்த இடத்தில் எப்போதும் நாலு பேர் நின்று வம்பளந்துகொண்டிருப்பார்கள். ஆள் நிற்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நாற்காலி நின்றால்தான் ஏறுவதற்கு ஆள் இருக்கிறது என்று பொருள். பட்டறையில் கிடந்த இரும்பில் அவரே பற்றவைத்துச் செய்தது அது. ஒரு கால் குட்டை. அதற்கு முட்டுக்கொடுக்க ஒரு சில்லுக்கல், சாலையோரத்திலேயே நிரந்தரமாகக் கிடக்கிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. பேருந்து நின்றதும் எல்லோரும் ஏறிவிடுவார்கள். நாற்காலி சாலையோரத்திலேயே நின்றுவிட்டால் அடுத்த பேருந்து யாருக்கும் இல்லாமல் நிற்கும். இரண்டு தடவை ஏமாந்தால் டிரைவர் நாற்காலியை மதிக்கமாட்டார். ஆக, ஏறாத ஆள் ஒருவர் வேண்டும். அந்த ஆள் ஸ்டாப்பு அண்ணன். நினைவு தெரிந்து அவர் அந்தப் பேருந்தில் ஏறிப் பார்த்தவர் அங்கே யாரும் இல்லை.

ஏறுகிறவர்களில் முக்கியமானவர் அவருடைய மனைவி. எங்கள் ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. காலையில் போய் மாலையில் வருகிறவர். ஊர்ப் பக்கம் அவருக்கு ‘கண்ணாடி அக்கா’ என்று பெயர். ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம் ஒன்று மணிக்கட்டில் எப்போதும் இருக்கும். கணவர் நேரத்தைப் பேருந்துச் சத்தத்தை வைத்துச் சொல்வார், இவர் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வார், இரண்டும் ஒத்துப்போகாது. “பஸ்ஸு லேட்டுன்னா உலகமே லேட்டுன்னு நினைக்கறவரு சார் இவரு” என்பார். எதிரே யார் கண்ணாடி போட்டிருந்தாலும் கேட்காமல் கழற்றித் துடைத்துக் கொடுத்துவிடும் பழக்கமும் உண்டு. “இதுக்குள்ளாற எப்படித்தான் உங்களுக்கு உலகம் தெரியுதோ” என்று திட்டு வேறு. என் கண்ணாடி அந்தப் பட்டறையில்தான் சுத்தமாகிறது. எங்கள் வீட்டு மோட்டார் அடிக்கடி புகைந்துவிடுவதால் அடிக்கடியே சுத்தமாகிறது.

இந்த முறை மோட்டாரோடு போனபோது பட்டறையில் வழக்கமான பேச்சு இல்லை. விசாரித்ததில் விஷயம் தெரிந்தது.

பழைய டிரைவர் ஓய்வுபெற்றுப் போய்ப் புதியவர் வந்திருக்கிறார். இளைஞர். நாற்காலி விவகாரத்தை யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவரும் நாற்காலியைப் பார்த்து ஒழுங்காகவே நின்றிருக்கிறார். ஸ்டாப்பு அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புது ஆள், தூரத்திலிருந்தே தெரிந்தால் நன்றாயிருக்குமே என்று துருப்பிடித்த நாற்காலிக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்துவிட்டார். பட்டறைக்குள் வெயில் வராது. காய்வதற்காகச் சாலையோரம் வைத்தார். அந்த நேரம் பார்த்துக் கோழிப் பண்ணையில் மோட்டார் நின்றுவிட்டது என்று ஆள் வர, பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று முழுக்க எங்கள் ஊர்ப் பக்கம் போகிற பேருந்து ஒவ்வொரு நடையும் அங்கே நின்றிருக்கிறது. பளபளவென்று ஒரு மஞ்சள் நாற்காலி, பக்கத்தில் வம்பளக்கக்கூட அன்று ஒரு மனிதரும் கிடையாது. டிரைவர் ஹார்ன் அடித்துப் பார்த்திருக்கிறார். உள்ளே இருந்த பயணிகள் முதலில் சிரித்திருக்கிறார்கள், பிறகு சண்டைக்கு வந்திருக்கிறார்கள். கடைசி நடையில் டிரைவர் இறங்கி, பட்டறையில் எட்டிப் பார்த்துவிட்டு, இந்த நாற்காலியை நானே எடுத்து எறிகிறேன் என்று அதன் முதுகில் கைவைத்தார். பெயிண்ட் அப்போதும் முழுதாகக் காய்ந்திருக்கவில்லை.

பண்ணையிலிருந்து அண்ணன் திரும்பி வந்தபோது அவர் பார்த்தது மஞ்சள் உள்ளங்கையோடு நடுச்சாலையில் நிற்கும் டிரைவரை. “இனிமே காலி நாற்காலிக்கு நான் நிக்கமாட்டேன். மனுஷன் உக்கார்ந்திருந்தா நிக்கறேன். இல்லன்னா மன்னிச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். நாற்காலியின் முதுகில் அவருடைய விரல்கள் அப்படியே பதிந்திருக்கின்றன. அதன்மேல் இன்னொரு பூச்சு கொடுக்க அண்ணனுக்கு மனம் வரவில்லை.

டிரைவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாள் நாற்காலியைத் தாண்டிப் போய்விட்டார். கண்ணாடி அக்கா மைல்கல் வரை நடந்து, அதற்கப்பால் யாரோ வண்டியில் தொற்றிக்கொண்டு கடைக்குப் போனார். அடுத்த நாளும் அதே கதை. கடை முதலாளியம்மா நல்லவர். கோபிக்கவில்லை. கடைக்கு மேலே காலியாகக் கிடந்த அறையின் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

ஸ்டாப்பு அண்ணன் அதற்குள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மனுஷன் உட்கார்ந்திருந்தால் நிற்பேன் என்றார் அல்லவா? தானே உட்கார்ந்துவிட்டார். பேருந்து நின்றது. எல்லோரும் ஏறினார்கள். இவர் எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். டிரைவர் ஸ்டியரிங்கில் சாய்ந்து இதைப் பார்த்திருக்கிறார். “உக்கார்றவரு ஏற மாட்டேங்கறாரு, ஏறறவங்க உக்கார மாட்டேங்கறாங்க. என்ன ஊருய்யா இது?” என்றாராம். “இது ஊரே இல்லைங்க” என்று படியில் கால்வைத்த மரக்கடைக்காரர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அன்றிலிருந்து பேருந்து நிற்கிறது. அண்ணனைப் பொறுத்தவரை பிரச்சினை தீர்ந்தது.

கண்ணாடி அக்காவுக்குத் தீரவில்லை. அண்ணன் பின்கட்டில் சுற்றிய கம்பிக்கு வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தபோது என் மூக்கிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்தபடியே சொன்னார்.

“ரூம் பார்த்துட்டேன் சார். ஜன்னலைத் திறந்தா ரயில் தெரியுது. கீழ முன்னால கொஞ்சம் இடம் இருக்கு, பட்டறை கூடப் போடலாம்.”

“அண்ணன் என்ன சொல்றாரு?”

“என்ன சொல்வாரு? வந்து பாருங்கன்னா, நான் ஏறிட்டா நாற்காலிய யாரு உள்ள வைக்கிறதுங்கறாரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து இதையேதான் சொல்றாரு. எங்கப்பா தவறிப்போனப்பக்கூட நான் பஸ்ஸுல முன்னாடி போறேன், இவரு நாற்காலிய உள்ள வச்சுட்டு மரக்கடை லாரியில பின்னாடி வராரு. நான் அங்க போய்த் தனியா அழுதுட்டு நிக்கறேன் சார்.”

கண்ணாடி இல்லாததால் அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. குரல் மட்டும் எப்போதும் போல இருந்தது.

“அங்கதான் குடிபோகணும்னு நான் அடம்பிடிக்கல. வந்து பார்த்துட்டு வேண்டாம்னு சொல்லட்டும், நான் பழையபடி தினம் வந்து போறேன். பார்க்காமலே வேண்டாம்னா எனக்கு என்ன மரியாதை? ஞாயித்துக்கிழமை காலைல நான் போறேன். அவரு வரலைன்னா திங்கக்கிழமைலேர்ந்து நான் மட்டும் அங்க இருந்துக்கறேன்.” துடைத்த கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என் மூக்கில் மாட்டினார். “இப்பப் பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்கு.”

எனக்கு அண்ணன்மேல் சரியான கோபம் வந்தது. ஓர் இரும்பு நாற்காலியைக் காட்டி ஒரு மனிதர் இத்தனை காலம் தப்பிக்க முடியுமா? அக்கா வீட்டுக்குள் போனதும் பின்கட்டுக்குப் போனேன். செம்புக் கம்பியை அச்சில் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றும்போது உதடு அசையும்; எண்ணுகிறார் என்று பொருள். நடுவில் பேசினால் எண்ணிக்கை போய்விடும். எனக்கு அன்று அந்தப் பொறுமை இல்லை.

“ஒரு நாள் போயிட்டு வந்தா என்னண்ணே? வேற யாராவது நாற்காலிய எடுத்து உள்ள வைக்க மாட்டாங்களா?”

“யாரு சார் வைப்பாங்க? ஒரு தடவ மரக்கடைக்காரர் வைக்கறேன்னாரு. அதுலயே உக்கார்ந்து தூங்கிட்டாரு. பஸ்ஸு வந்து நின்னு, கண்டக்டர் இவர எழுப்பி ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை.

“நான் போற நேரம் பார்த்து நாற்காலி வெளியவே நின்னுருச்சுன்னு வைங்க. டிரைவரு இன்னொரு தடவ ஏமாந்தா அப்புறம் நிக்கவே மாட்டாரு. பஸ்ஸு நிக்கலைன்னா அவ எப்படித் தினம் போயிட்டு வீட்டுக்கு வருவா?”

மனைவி தினம் வீடு திரும்பவேண்டும் என்றுதான் இந்த மனிதர் மனைவியோடு எங்கும் போகாமல் இருக்கிறார். கம்பியின் முனை எங்கே என்று தேடுவது போல நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் அச்சைச் சுற்றுவதை நிறுத்திவிட்டார். குரலும் இறங்கிவிட்டது.

“இன்னொண்ணு சார். போய்ப் பார்த்து, எனக்கும் பிடிச்சுப் போயிருச்சுன்னா?”

அந்த ஒரு வரியில் என் கோபம் போய்விட்டது. கோழிப் பண்ணை, மரக்கடை, இரண்டு ஊர்க்காரர்களும் கைவிட்ட இந்தக் குண்டும் குழியுமான சாலை, எல்லாம் அந்தக் கேள்விக்குள் இருந்தன. பிடிக்காமல் போனால் திரும்பி வந்துவிடலாம். பிடித்துவிட்டால் இந்த வளைவில் பேருந்தை நிறுத்த யார் இருப்பார்கள்? எனக்கு இரண்டு பேர்மேலும் பாவமாக இருந்தது. “எண்ணிக்கை விட்டுப் போச்சு” என்று சொல்லி, சுற்றிய கம்பியை முதலிலிருந்து பிரிக்க ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டாரை எடுத்துவரப் போனேன். உண்மையைச் சொன்னால், மோட்டார் இன்னும் இரண்டு நாள் அங்கேயே கிடந்திருக்கலாம். என்ன நடக்கப் போகிறது என்று பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

விடுமுறை நாள் என்பதால் வளைவில் வம்பளக்க யாரும் இல்லை. கண்ணாடி அக்கா மட்டும் கைப்பையோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் என் கண்ணாடியைக் கழற்றவில்லை. அண்ணன் சலவை செய்த சட்டை போட்டிருந்தார். அதன் பையிலும் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. என் மோட்டாரை ஸ்கூட்டரின் முன்பக்கம் கட்டிக் கொடுத்தார். “ஓடிப் பார்க்கட்டும்” என்றார்.

அவர் தலை நிமிர்ந்தது. கொஞ்சம் கழித்து எனக்கும் சத்தம் கேட்டது. நாற்காலியைத் தூக்கிப் போய் வைத்து, குட்டைக் காலைச் சில்லுக்கல்லின்மேல் பொருத்தி, மனைவிக்காக அதில் உட்கார்ந்தார். மனைவி அவருக்குப் பின்னால் நின்றார். போட்டோ எடுக்க நிற்கிறவர்கள் மாதிரி இருந்தது.

பேருந்து வந்து நின்றது. அக்கா ஏறினார். வழக்கமாகப் படியில் நின்று, அடுப்பில் என்ன இருக்கிறது, துணியை எப்போது எடுக்கவேண்டும் என்று ஏதாவது சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவாராம். அன்று ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் எழுந்து நின்றார். கை, நாற்காலி முதுகில் பதிந்திருந்த விரல்களின்மேல் இருந்தது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

“இன்னைக்காவது ஏறுவீங்களா அண்ணே, இல்ல இன்னைக்கும் வழியனுப்பத்தானா?”

அண்ணன் டிரைவரைப் பார்த்தார். பட்டறையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நான் உள்ள வைக்கிறேண்ணே” என்றேன். “எனக்கு ஸ்கூட்டர் இருக்கு. நான் ஏறப் போறதில்ல.”

“சுவத்தோரமா வைக்கணும்.”

“வைக்கிறேன்.”

“கல்லை எடுக்கக் கூடாது. கல்லு அங்கயே இருக்கணும்.”

“எடுக்க மாட்டேன்.”

“சாயங்காலம் பஸ்ஸு வர்றதுக்குள்ள…”

“இப்பவே வைக்கிறேன். நீங்க ஏறுங்க.”

நாற்காலியின் முதுகை என் பக்கமாகத் திருப்பிக் கொடுத்தார். படியில் வலது காலை வைத்து, எடுத்து, இடது காலை வைத்து ஏறினார். எந்தக் கம்பியைப் பிடிப்பது என்று தெரியாமல் தலைக்குமேல் தடவினார். கண்டக்டர் அவர் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினார். டிரைவர் ஒரு நிமிடம் வண்டியை எடுக்காமலே இருந்தார். அக்கா ஜன்னலை விட்டு நகர்ந்து இடம் கொடுப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்க்க முயன்றேன். வெயில் பட்டு ஜன்னல் மின்னியதால் தெரியவில்லை.

பேருந்து நகர்ந்தது. அந்த மோசமான சாலையில் குதித்துக்கொண்டே போயிற்று. ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. செம்புக் கம்பி அறுத்த தழும்புகள் உள்ள கை. விரல்களைச் சேர்த்து, தூக்கு, உள்ளே வை, தூக்கு, உள்ளே வை என்று எனக்குச் சைகை காட்டிக்கொண்டே போயிற்று. நான் நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினேன். கை ஓயவில்லை. மைல்கல் நெருங்கும்போது அதே ஜன்னலிலிருந்து, பெரிய கைக்கடிகாரம் கட்டிய இன்னொரு கை வந்து, அந்தக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது.